தண்டவாளம் எடுத்த வழி

போன வருஷம் ஜூலை மாதம் பிரான்சில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது 27 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினேன். ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது மாலை நடையில் கூட வரும் நண்பர்கள் யாரும் நம்பவில்லை. "மோட்டார் வச்ச சைக்கிளா?" என்று ஒருவர் மட்டும் கேட்டார். ஆமாம், மோட்டார் வைத்த சைக்கிள்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

மகள், மாப்பிள்ளை, இரண்டு பேரப்பிள்ளைகள் எல்லாரும் பாரீசுக்கு வெளியே புறநகரில் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரம் தெற்கே பர்கண்டிப் பக்கம் க்ளூனி என்ற சின்ன ஊருக்கு அருகில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எங்களையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாலு மணி நேரப் பயணம். போய்ச் சேர்ந்த அன்று இரவே மாப்பிள்ளை ஆரம்பித்துவிட்டார். "மாமா, இங்க பழைய ரயில் பாதையை சைக்கிள் பாதையா மாத்தி வச்சிருக்காங்க. மேடு பள்ளமே கிடையாது. நாளைக்குப் போகலாம். நீங்களும் வாங்க."

என் மனைவி உடனே மறுத்தாள். "விழுந்து இடுப்பை உடைச்சிக்கிட்டா இங்க யாரு பாக்கறது? போற ஊர்ல எல்லாம் ஆஸ்பத்திரி தேட முடியுமா?" என்றாள். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. மகளும் அவள் அம்மாவும் காரில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கொர்மத்தேன் என்ற ஊரில் காத்திருப்பார்கள். மாப்பிள்ளை, பேரன், பேத்தி, நான், நாலு பேரும் சைக்கிளில் அங்கே போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் நடுவில் போன் செய்தால் கார் வந்து என்னை ஏற்றிக்கொள்ளும். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டுவதாக ஏற்பாடு. புளியை ஊரிலிருந்து கொண்டு போயிருந்தோம். சூட்கேசில் பாதி அதுதான்.

சைக்கிள் எனக்குப் புதிது இல்லை. காரைக்காலில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள். முட்டியில் இருக்கும் தழும்பு இன்னும் அதற்குச் சாட்சி. வேலைக்குச் சேர்ந்த பிறகும் பல வருஷம் ஆபீசுக்கு ஹெர்குலிஸ் சைக்கிள்தான். பிறகு டி.வி.எஸ். 50 வந்தது, சைக்கிள் திண்ணையில் சாய்ந்தது, ஒரு நாள் பழைய இரும்புக்காரனிடம் போனது. அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் ஏறவில்லை.

வாடகைக் கடையில் எனக்குக் கொடுத்த வண்டியைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துதான் போனேன். கனம். பார் இல்லை, அதனால் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அது வசதி. நாம் மிதித்தால்தான் மோட்டார் உதவும், மிதிக்காமல் உட்கார்ந்திருந்தால் வண்டி சும்மா நிற்கும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் மோட்டார் தானாக நின்றுகொள்ளும், ஐரோப்பா முழுக்க அப்படித்தான் சட்டம் என்று மாப்பிள்ளை சொன்னார். பேரனுக்கு 11 வயது, பேத்திக்கு 8. 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம். "தாத்தா, உங்களுக்குக் கட்டாயம் இல்லை, ஆனா போட்டுக்குங்க" என்று பேத்தி என் தலையில் ஒன்றை மாட்டித் தாடையில் பட்டையை இறுக்கினாள். பாட்டி சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

அந்த வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் 'வுவா வெர்த்' என்கிறார்கள், பச்சை வழி. ஜிவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், 1997-ல் திறந்தது. பிரான்சில் இந்த வகையில் இதுதான் முதலாவது என்கிறார்கள். அதற்குப் பிறகு நாடு முழுக்க இப்படிப் பல வந்துவிட்டன. 2004-ல் போக்குவரத்துச் சட்டத்திலேயே இதற்கென்று ஒரு விளக்கம் சேர்த்தார்கள். மோட்டார் வண்டி வரக்கூடாது. நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், குதிரை மேல் வருகிறவர்கள், இவர்களுக்கு மட்டும். (என் சைக்கிளை மோட்டார் வண்டியாகக் கணக்கிடவில்லை. மிதித்தேன் அல்லவா?) க்ளூனிக்குத் தெற்கே மக்கோன் பக்கமாகவும் வழி நீள்கிறது. அங்கே ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ரயில் சுரங்கம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்குவதற்காக அதை மூடிவிடுவார்களாம். பேத்திக்கு அந்தப் பக்கம்தான் போக ஆசை. நாங்கள் வடக்கே திரும்பினோம்.

ரயில் பாதையில் சைக்கிள் ஓட்டுவது ஏன் சுலபம் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது, சட்டென்று திரும்பவும் முடியாது. அதனால் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தில் மண் கொட்டி, நூற்றுக்கு ஒன்று இரண்டுக்கு மேல் ஏற்றம் வராதபடி சமன் செய்து வைத்தார்கள். எஞ்சினுக்காகச் செய்தது இன்று என் மாதிரிக் கிழவனின் முழங்காலுக்கு உதவுகிறது. சாலையில் ஒரு மைல் தூரத்தில் மூச்சு வாங்கியிருப்பேன். இங்கே பேசிக்கொண்டே மிதித்தேன்.

வலப்பக்கம் இடப்பக்கம் எல்லாம் புல்வெளி. வெள்ளை வெளேரென்று ஷரொலே மாடுகள் படுத்துக் கிடந்தன. நம் உம்பளச்சேரி மாட்டைப் போல இரண்டு பங்கு இருக்கும். உழுவதற்கில்லை, இறைச்சிக்கு வளர்ப்பவை என்று பேரன் விவரமாகச் சொன்னான். க்ரோன் என்ற சின்ன ஆறு அடிக்கடி மரங்களுக்கு நடுவே தெரிந்து மறைந்தது. நம் அரசலாற்றில் பாதி அகலம்கூட இருக்காது, ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பேரன் என்னோடு பிரெஞ்சில்தான் பேசுவான். நான் பதில் சொன்னால் சிரிப்பான். "தாத்தா புத்தகம் மாதிரிப் பேசறார்" என்று அவன் அப்பாவிடம் சொன்னான். உண்மைதான். நான் படித்தது காரைக்காலில், 1950-களின் கடைசியிலும் அறுபதுகளிலும். எங்கள் வாத்தியார்கள் கற்றுக்கொடுத்தது லமர்த்தின் காலத்துப் பிரெஞ்சு. அந்த லமர்த்தின் பிறந்த மக்கோன் அங்கிருந்து பக்கம்தான். அவர் கவிதைகளை நெட்டுருப் போட்டு ஒப்பிக்காவிட்டால் பிரம்படி. அவர் ஊர்ப் பக்கம் வந்து நிற்பேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அடியின் வலி கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

மஸியி தாண்டியதும் வழி ஓரத்தில் ஒரு சின்ன வீடு. ஒரு கதவு, இரண்டு ஜன்னல், ஓட்டுக் கூரை. வழியை ஒரு சாலை குறுக்கே கடக்கும் இடம். மாப்பிள்ளை "இது கேட் கீப்பர் வீடு மாமா, இப்ப யாரோ வாங்கிக் குடியிருக்காங்க" என்றார். நான் பிரேக் பிடித்து இறங்கிவிட்டேன். களைத்துவிட்டேன் என்று நினைத்து அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

என் தாய்மாமன் கேட் கீப்பர். பேரளம்–காரைக்கால் லைனில், திருநள்ளாற்றுக்குக் கிட்டே. காரைக்கால் பக்கத்து வாசகர்களுக்கு அந்த லைன் நினைவிருக்கும். 1898-ல் பிரெஞ்சு ஆட்சியில் வந்தது, மீட்டர் கேஜ், 23 கிலோமீட்டர். பேரளத்தில் மாயவரம்–திருவாரூர் லைனோடு சேரும். மாமாவின் குடிசையும் இப்படித்தான், ஒரு கதவு. ஜன்னல் மட்டும் ஒன்றுதான். விடுமுறை நாட்களில் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். ரயில் வருவதற்கு முன்னால் மாமா கேட்டைச் சாத்திவிட்டுப் பச்சைக் கொடியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவரிடம் பேசக்கூடாது. சனிப்பெயர்ச்சி என்றால் நளன் குளத்துக்குப் போகும் கூட்டம் கேட்டுக்கு இந்தப் பக்கம் தேங்கி நிற்கும். மாட்டு வண்டிக்காரர்கள் திட்டுவார்கள். மாமா காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் அந்த லைனை மூடிவிட்டார்கள். வருமானம் போதவில்லை என்று காரணம். பிறகு தண்டவாளத்தையும் எடுத்தார்கள். மாமா அதைப் பார்க்க இருக்கவில்லை.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே கொர்மத்தேன் வரை போனோம். நடுவில் தேஸே என்ற ஊர், மேட்டின் மேல். அங்கே ஒரு கிறிஸ்தவத் துறவியர் சமூகம் இருக்கிறது, 1940-ல் சகோதரர் ரோஜே தொடங்கியது. கோடையில் உலகம் முழுவதிலுமிருந்து இளைஞர்கள் வந்து தங்குகிறார்கள். வழி நெடுக முதுகில் மூட்டையோடு நடந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் 'பொன்ஜூர்' சொன்னார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. மேலே ஏறிப் பார்க்க நேரமில்லை.

கொர்மத்தேனில் கோட்டை மாளிகை ஒன்று, அகழியோடு. அதைப் பற்றி எழுதினால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும். மரத்தடியில் என் மனைவி விரிப்புப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் முழுசாக வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். புளிசாதம் காலியானது. பேத்தி வறுவலை மட்டும் தனியாகத் தின்றாள்.

சாப்பிட்ட பிறகு மற்றவர்கள் மாளிகையைப் பார்க்கப் போனார்கள். நான் பழைய பாதையின் ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு முசே, என் வயது இருக்கும், நாயோடு வந்து உட்கார்ந்தார். நான் இந்தியாவிலிருந்து வந்தவன், காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்றதும் அவருக்கு வியப்பு. பாண்டிச்சேரியைக் கேள்விப்பட்டிருந்தார், காரைக்காலைக் கேள்விப்பட்டதில்லை. பரவாயில்லை, எனக்கும் கொர்மத்தேன் அன்றுதான் தெரியும்.

ரயில் ஓடியது அவருக்கு நினைவிருந்தது. நின்ற பிறகு முள் மண்டிக் கிடந்ததாம். "இதைச் சைக்கிள் வழியாகப் போடுகிறார்கள் என்றபோது எனக்குப் பிடிக்கவில்லை, முசே. வழி போட்டுவிட்டால் ரயில் இனி வராது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா? இப்போது தினமும் நான்தான் நடக்கிறேன்" என்றார்.

குமாஸ்தா புத்தி போகாது. நிலம் யாருடையது, ரயில்வே எப்படிக் கொடுத்தது, பராமரிப்புக்கு யார் பணம் தருகிறார்கள் என்று கேட்டேன். மாவட்ட நிர்வாகம் எடுத்து நடத்துகிறது என்றார். சோன் எ லுவார் என்பது அந்த மாவட்டத்தின் பெயர். "முதலில் யார் கேட்டது?" என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். "தெரியாது. யாரோ ஒரு கடிதம் எழுதியிருப்பார்கள். ஆபீசில் யாரோ அதை மேலே அனுப்பியிருப்பார்கள்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நாய் இழுத்ததும் எழுந்து போய்விட்டார்.

என் கைக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அப்போது யூ.டி.சி. எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். ஒரு நாள் சூப்பரின்டென்டன்ட் ஒரு தபாலை என் மேசையில் போட்டார். "ஓய், இது பிரெஞ்சில் இருக்கு. உமக்குத்தான் தெரியுமே, என்னன்னு பார்த்து நோட் போடும்" என்றார். இரண்டு பக்கம், மையில், சாய்வெழுத்து. பழைய காலத்து மனுவின் வாசகம் அப்படியே. 'தங்கள் உயர்ந்த கருணையை வேண்டிக்கொள்ளும் பெருமை எனக்குண்டு' என்ற பாணியில் தொடங்கியது. பிரெஞ்சு ஆட்சியில் படித்த ஒரு பெரியவர் எழுதியது. லைன் ஓரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து.

அவர் கேட்டது இவ்வளவுதான். ரயில் நின்றுவிட்டது. லைன் மேடு மட்டும் இருக்கிறது. மழைக்காலத்தில் ஊரின் மண்பாதை முழுக்கத் தண்ணீரில் போய்விடுகிறது, வயலுக்கு மேலே உயரமாக இருக்கும் அந்த மேடு மட்டும்தான் காய்ந்து கிடக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதில்தான் நடக்கிறார்கள். ஆனால் சீமைக் கருவேல் அடைத்துக்கொண்டு வருகிறது. இரண்டு வாய்க்கால் பாலங்களில் கால் வைக்க இடமில்லை, பிள்ளைகள் இறங்கி ஏறுகிறார்கள். முள்ளை வெட்டி, பாலத்தில் பலகை போட்டு, கொஞ்சம் சரளை கொட்டிக் கொடுத்தால் நடந்துபோக ஒரு வழி ஆகும். சைக்கிளும் போகலாம். கடைசி வரியில் 'சைக்கிளும்' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் அதை அடிக்கோடிட்டிருந்தார்.

நான் போட்ட நோட்: 'குறிப்பிட்ட நிலம் ரயில்வேக்குச் சொந்தமானது. இந்த அலுவலகம் மேற்கொள்ளத்தக்க நடவடிக்கை ஏதுமில்லை. கோப்பில் வைக்கலாம்.' ஆங்கிலத்தில் மூன்று வரி.

அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. நிலம் ரயில்வேயுடையதுதான். ஆனால் இருபது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த எவனுக்கும் தெரியும், இப்படிப்பட்ட மனுவுக்கு இன்னொரு வழியும் உண்டு. மனுவை மொழிபெயர்த்து, ஒரு முகப்புக் கடிதம் வைத்து ரயில்வேக்கு அனுப்பி, அதன் நகலைக் கொம்யூனுக்கும் மனுதாரருக்கும் அனுப்பியிருக்கலாம். அவர்கள் செய்திருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் கடிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போயிருக்கும். இரண்டு பக்கப் பிரெஞ்சை மொழிபெயர்க்க வேண்டும், தட்டச்சுக்குக் கொடுக்க வேண்டும், ஒப்பு நோக்க வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த ஆபீசில் என்னைத் தவிர ஒருவருக்கும் அந்தக் கடிதத்தைப் படிக்கத் தெரியாது. நான் எழுதிய மூன்று வரிதான் அந்த மனு. சூப்பரின்டென்டன்ட் கையெழுத்துப் போட்டார்.

பெரியவர் மூன்று முறை வந்தார். வெள்ளை வேட்டி, குடை, கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. என்னோடு பிரெஞ்சில்தான் பேசுவார். பக்கத்து மேசைக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அவருக்கு அது ஒரு சந்தோஷம் என்று நினைக்கிறேன், ஊரில் யாரோடு பேசியிருப்பார்? முதல் முறை கேட்டபோது, "செத் அ லெத்யூத், முசே" என்றேன். பரிசீலனையில் இருக்கிறது என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது. கோப்பு அப்போது ரெக்கார்ட் ரூமுக்குப் போயிருந்தது. இரண்டாம் முறையும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை அவர் ஒரு பை நிறைய வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்தார், தன் கொல்லையில் காய்த்தது என்று. வாங்கிக்கொள்ளவில்லை. லஞ்சம் வாங்காதவன் என்று அன்று எனக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணம்கூட வந்தது. நாலாவது முறை அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த மேடு முழுக்க முள்ளாகத்தான் கிடந்தது. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். பிறகு பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். இப்போது காலம் மாறி, பல வருஷம் மக்கள் கேட்டுக் கேட்டு, அதே பேரளம்–காரைக்கால் வழியில் அகல ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். சோதனை ஓட்டமும் நடந்தாயிற்று. நாகூர்ப் பக்கமிருந்து காரைக்காலுக்கு 2011-லேயே ரயில் வந்துவிட்டது. அதனால் கொர்மத்தேன் பெஞ்சில் உட்கார்ந்தபடி என்னை நானே கொஞ்சம் தேற்றிப் பார்த்தேன். அன்று நடைவழி போட்டிருந்தால் பிறகு ரயில் வந்திருக்குமா? அந்த முசே பயந்தது மாதிரி, இது இனி வழிதான் என்று முடிந்துபோயிருக்காதா? கோப்பில் போட்டதே நல்லதாகப் போயிற்றோ?

ஆனால் கணக்கு அப்படி வரவில்லை. நடைவழி போட்டால் நிலம் கைமாறிவிடாது, பொதுவாகவேதான் இருக்கும். துண்டு துண்டாக யாரும் வளைத்துப் போடாமல் காப்பாற்றுவதற்குக்கூட அது ஒரு வழி. தேவை வந்தால் முள் இல்லாத மேட்டில் தண்டவாளம் போடுவது இன்னும் சுலபம். அது ஒரு பக்கம். மூடியதற்கும் மறுபடி போட்டதற்கும் நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அந்தப் பெரியவர் கேட்டது ரயில் இல்லாத அந்த நடுக்காலத்துக்குத்தான். அதில் எத்தனை மழைக்காலம், எத்தனை செட் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து பத்தாம் வகுப்பு முடித்திருப்பார்கள் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

திரும்பும்போது மனைவி காரில் வரச்சொன்னாள். வேண்டாம், போகும்போது வந்த மாதிரியே போகிறேன் என்றேன். வெயில் சாய்ந்திருந்தது. அங்கே ஜூலையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். மாப்பிள்ளையும் பேரனும் பந்தயம் கட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். பேத்தி என் பக்கத்திலேயே ஓட்டி வந்தாள். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. கேட் கீப்பர் வீடு வந்தது. வாசலில் ஒரு அம்மாள் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க மாமா வீடும் இப்படி இருக்குமா தாத்தா?" என்று கேட்டாள். காலையில் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள். ஆமாம் என்றேன். "அங்கேயும் இப்ப சைக்கிள் வழியா?" என்றாள். இல்லை என்றேன். "ஏன்?"

ஏனென்று தெரியவில்லை, அவளிடம் சொல்லிவிட்டேன். சுருக்கமாக, பிரெஞ்சில். ஒரு தாத்தா வந்து கேட்டார், பிள்ளைகள் நடப்பதற்கு, சைக்கிள் ஓட்டுவதற்கு. கடிதம் என்னிடம்தான் வந்தது. வெள்ளரிப்பிஞ்சையும் சொன்னேன்.

"நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"செத் அ லெத்யூத் என்று சொன்னேன்."

பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு மாலை நேரத்தில் வீட்டுப்பாடம் படிக்க வைப்பதற்கும் 'எத்யூத்' என்றுதான் பெயர். அவள் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே மிதித்தாள்.

"அப்ப அதை எவ்வளவு நாள் படிச்சீங்க தாத்தா?" என்றாள்.

"வலப்பக்கம் ஒதுங்கும்மா," என்றேன், "பின்னால மணி அடிக்கிறாங்க."